மனு வாங்கும் கை

தேர்தல் முடியும்வரை தலைவர்களின் சிலைகள் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. தேதி அறிவித்த அன்றே கிராம உதவியாளர் சொரிமுத்து ஏணியும் காடாத்துணியுமாக ஓடைக்கரைக்கு வந்துவிட்டார். ஆறு முறை எம்.எல்.ஏ.வாக இருந்து மறைந்த தானுலிங்கனாரின் வெண்கலச் சிலை அங்கேதான் நின்றது.

"முகத்த முதல்ல மூடும்வே" என்றார் கீழே நின்ற வி.ஏ.ஓ.

"உசுரோட இருந்தப்ப தேர்தலுக்குத்தான் சார் முகத்தையே காட்டுவாரு" என்றபடி சொரிமுத்து சிலையின் கழுத்தில் கயிற்றை இறுக்கினார்.

சிலையின் வலது கை முன்னால் நீண்டிருந்தது. மக்களிடம் மனு வாங்கும் கோலம் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். அந்தக் கையில் ஆறு தேர்தலிலும் சொரிமுத்து ஒரே மனுவைக் கொடுத்திருக்கிறார். ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும். தானுலிங்கனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமலே பின்னால் நிற்கும் பி.ஏ.விடம் நீட்டிவிடுவார். நான்காவது வெற்றிக்குப் பிந்திய மழையில், பிரசவ வலியோடு சொரிமுத்துவின் மனைவியைக் கட்டிலில் தூக்கி வந்தவர்கள் இதே கரையில் வெள்ளம் வடியக் காத்து நின்றார்கள். அவளால் காத்திருக்க முடியவில்லை.

சொரிமுத்து மடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து வெண்கல உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் துணியைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

"என்னத்தவே வச்சீரு?"

"மனு சார்."

"செத்த மனுசன்ட்ட எதுக்குவே மனு?"

"இப்பத்தான சார் பின்னால வாங்க ஆளில்ல."