அமாவாசைக்குச் சுட்ட பரங்கிக்காய்

அருள்பாண்டி அரை மணி நேரமாகத் தொண்டை வறள அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பாவோ எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து, கழுத்தை ஒருக்களித்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கப்பா... கா... கா..."

பழங்காநத்தத்தில் அன்று பாதி மொட்டைமாடிகளில் இதே சத்தம்தான். புரட்டாசி அமாவாசை. காக்கையாய் வரும் முன்னோர் வாய் வைக்காமல் வீட்டில் யாரும் வாய் வைக்க முடியாது.

கைப்பிடிச் சுவரில் வாழை இலை. அதில் ஒரு பிடி சோறு. சோறு கண்ணில் படாதபடி மேலே, சற்றுமுன் ஓவனில் சுட்டுக் கொண்டுவந்த பரங்கிக்காய்த் துண்டுகள்.

மனைவி முனீஸ்வரி அதைக் கைபேசியில் பார்த்துக் கற்றிருந்தாள். கம்பளிச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி, சன்னலுக்கு வெளியே சிவப்பு இலைகள் உதிர, பரங்கிக்காயில் எண்ணெயும் மிளகுத்தூளும் தடவி ஓவனுக்குள் தள்ளுவாள். இலையுதிர் காலத்துக்கு ஏற்ற சைவத் தொடுகறியாம். இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. உதிர்ந்தது அருள்பாண்டியின் வியர்வை மட்டும்தான்.

ஒருவழியாகக் காக்கை வந்து இறங்கியது. ஒரு துண்டைக் கொத்தியது. சட்டென்று தலையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளி, மறுபடி தொட்டிக்கே பறந்துவிட்டது.

"பாத்தியா! வெள்ளைக்காரி சமையல வச்சா அப்பாவுக்கு எப்படிப் பிடிக்கும்?"

"நல்லா இருக்கே! மாமா அலங்காநல்லூர்த் தோட்டத்துல கங்குக்குள்ள பரங்கிக்காயச் சுட்டுத் தின்னவுக. அதே காய்தான், கங்குக்குப் பதிலா ஓவன். ஒருவேள ஆறிப்போச்சோ என்னமோ. மாமாவுக்கு எதுவும் சூடா இருக்கணும்ல."

சொன்னதோடு நிற்காமல் கீழே ஓடி, அடுத்த ஈட்டைத் தட்டோடு எடுத்துவந்து, பழையதைத் தள்ளிவிட்டு இலையை நிரப்பினாள். மாமனாருக்கு இப்படி ஒரு மருமகள் எந்த வீட்டில் கிடைப்பாள் என்று அருள்பாண்டி நெகிழ்ந்துபோனான்.

காக்கை வந்தது. கொத்தியது. உதறியது. போனது. மூன்றாவது ஈட்டுக்கும் அதே மரியாதைதான்.

மணி ஒன்றைத் தாண்டியது. அருள்பாண்டியின் வயிறு மேளம் கொட்டியது. அதைவிட, நெஞ்சுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

"மாமாவுக்கு மனசுல ஏதோ குறை இருக்குங்க" என்றாள் முனீஸ்வரி. "இல்லேன்னா இலையத் தொட்டுட்டு எந்திரிச்சுப் போவாகளா?"

"என்ன குறை? ராமேசுவரம் போய்த் திதி குடுத்தேன். புது வேட்டி எடுத்துப் படையல்ல வச்சேன். இன்னும் என்னடி பண்ணணும்?"

"சாகறதுக்கு மொத நா, உங்க கையப் பிடிச்சு என்ன கேட்டாக?"

அருள்பாண்டி தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'தங்கச்சிய விட்டுறாதடா' என்றுதான் கேட்டார். விட்டு மூன்று வருடம் ஆகிறது.

தங்கை தமிழ்ச்செல்வி திருவாதவூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகளின் காதுகுத்துக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனரில் தாய்மாமன் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் புருஷன் வளர்த்த காளை மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. அன்று பிள்ளையை மடியில் வாங்காமல் எழுந்துவந்த தாய்மாமன், பிறகு யார் மடியில் வைத்துக் காது குத்தினார்கள் என்றுகூடக் கேட்டதில்லை.

"செத்தவர இம்புட்டு நேரமா கூப்பிடுறீங்க. உசுரோட இருக்கறவள ஒரு தடவ கூப்பிட்டா என்னவாம்?"

தொட்டி மேலிருந்து காக்கை ஒரு முறை கத்தியது. அப்பா அதட்டுவது போலவே இருந்தது. அருள்பாண்டி போனை எடுத்தான்.

"செல்வி... நாந்தான். சாப்ட்டியா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. "இன்னும் இல்லண்ணே."

"மாப்ளயையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வா. நீ வந்தாத்தான் நான் சாப்பிடுவேன்."

"இந்தா வாரேண்ணே... இந்தா வாரேன்!"

முனீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான்காவது ஈடு எடுக்க அவள் போகவில்லை.

அவன் போனை மடியில் செருகுவதற்குள் காக்கை வந்து இறங்கியது. இந்த முறை உதறவில்லை. துண்டு துண்டாய் விழுங்கிவிட்டு, கத்திக் கூப்பிட்டு உறவுக் கூட்டத்தையும் வரவழைத்தது.

"அப்பா மனசு குளுந்துருச்சு முனீசு!" அருள்பாண்டி கைகூப்பி அழுதான். ஒரு காக்கைக்கு இருந்த பெருந்தன்மை தனக்கு மூன்று வருடமாய் இல்லையே என்று வெட்கப்பட்டான்.

ஒரு மணி நேரத்தில் டூவீலர் வாசலில் வந்து நின்றது. தாய்மாமன் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் இலையிலிருந்த பரங்கிக்காயை ஊதி ஊதி ஊட்டினான். கூடத்தில் இருந்த அப்பா படத்துக்குக்கூட அன்று முகம் தெளிந்திருந்தது.

அடுக்களையில், தட்டு வாங்க வந்த தமிழ்ச்செல்வி அண்ணியின் கையைப் பிடித்துப் பார்த்துப் பதறினாள்.

"என்ன அண்ணி, விரலெல்லாம் இப்படிக் கொப்பளிச்சிருக்கு?"

முனீஸ்வரி கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு ஈடும் ஓவன்ல இருந்து எடுத்த சூட்டோட இலையில அள்ளி வச்சேன்ல? என் விரலுக்கே இந்தக் கதின்னா, பாவம், அந்தக் காக்கா மூக்கு என்ன பாடுபட்டிருக்கும்!"