கிழிஞ்சா வாங்க டாட் காம்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஒன்றிரண்டை விட்டுவிட்டால் நீங்கள் என் ஓரகத்தி பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

கிழிந்த துணி தைத்துக் கொடுக்கிற கடை என்னுடையது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு காலையில் மட்டும்தான் திறக்க முடிகிறது. அதைக் கடை வெப்சைட்டில் போடச் சொல்லி, வெப்சைட்டைச் செய்துகொடுத்தவருக்குப் போன் பண்ணினேன்.

"அம்மா, அந்த வெப்சைட் அட்ரஸ் இப்ப உங்களுது இல்லையே."

"பின்னே யாருது?"

என் ஓரகத்தி பேரைச் சொன்னார். ரெண்டு வருஷமாக அவளுடையதாம்! இன்னும் ஏதோ சொல்ல வந்தார். எனக்குப் பொறுமை ஏது? போனை வைத்துவிட்டேன்.

'கிழிஞ்சா வாங்க டாட் காம்.' இரண்டு பேரும் சேர்ந்து கடை நடத்தியபோது வைத்த பேர். நான் கௌரவமாக முழ நீளத்துக்கு ஒன்று யோசித்து வைத்திருந்தேன்.

"அதை டைப் அடிச்சு முடிக்கறதுக்குள்ள புதுத் துணியே வாங்கிடுவாங்க அக்கா" என்று இவள்தான் மாற்றினாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கவே இல்லை. வீடு மாறிப் போனவர்கள்கூட அந்தப் பேரைத் தேடிப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். பிறகு ஒரு ஜிப்பை யார் மாற்றுவது என்று சண்டை. அவள் பக்கத்துத் தெருவில் தனிக்கடை போட்டுவிட்டாள்.

நொண்டிக்கொண்டே போனேன்.

"ஏண்டி, பேரைத் திருடினியா?" வாசலிலேயே கேட்டேன். மூன்று பேர் துணியோடு நின்றார்கள். கேட்கட்டும்.

"முதல்ல உக்காருங்க அக்கா. முட்டி."

"என் முட்டியைப் பத்தி உனக்கென்ன?"

"வருஷா வருஷம் அந்தப் பேரைப் புதுப்பிக்கணும். அதை ஞாபகப்படுத்தற மெயில் இன்னும் எனக்குத்தான் வருது, அப்ப என் மெயில் ஐடியைத்தானே குடுத்தோம்? உங்களுக்கு நாலு தடவை மெசேஜ் போட்டேன். போகல."

எப்படிப் போகும்? சண்டை போட்ட அன்றே அவள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"கெடு முடிஞ்சுது. விட்டா வேற எவனாவது எடுத்துக்குவான். நான் எடுத்தேன்."

"எடுத்து, உன் கடையைப் போட்டுக்கிட்டே! என் கஸ்டமரையெல்லாம் இங்க இழுத்துக்கிட்டே!"

அவள் போனைத் தட்டி என்னிடம் நீட்டினாள். கண்ணாடியை மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

என் கடை. என் நம்பர். என் தெரு. மேலே சிவப்பில், 'அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். கொஞ்ச நாளைக்குக் காலையில் மட்டும் கடை. அவசரப்படுத்தாதீர்கள்.'

கீழே வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவள் கடையைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

"இவ்வளவு கோபம் எதுக்கு? இப்பவே உங்க பேருக்கு மாத்திடறேன், குடுங்க" என்று போனை வாங்கினாள்.

அடுத்த வருஷம் நான் மறந்தால்? அதற்கடுத்த வருஷம்? அவள் விரல் திரையைத் தொடுவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன்.

"சும்மா இரு. உன் பேர்லயே இருக்கட்டும். அதுக்கு அதுதான் பத்திரம்" என்றேன், எரிச்சலாகத்தான்.