அணைக்காத மைக்

“ஆசிரியர் குழுவுல அவ பேரை எடுத்துடு. இன்னிக்கே.”

எடிட்டர் சொன்னதும் மவுஸின் கை நின்றது. மவுஸ் என்பது ஓர் இரண்டாமாண்டு மாணவனின் பட்டப்பெயர். பக்க வடிவமைப்பு கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவன் கை கணினி மவுஸை விட்டு இறங்கியதே இல்லை, அதனால் அந்தப் பெயர். எடிட்டர் இறுதியாண்டு. அவனுக்குப் பட்டப்பெயர் வைக்க இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

“யாரை அண்ணா? நாளைக்கு மேடத்தையா?”

“வேற யாரு?”

எதைக் கேட்டாலும் “நாளைக்கு அனுப்பறேன்” என்பாள். அதனால் அவள் நாளைக்கு மேடம். கல்லூரி இதழுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து தருவது அவள் வேலை. மற்றவர்கள் வகுப்பு முடிந்ததும் கணினி அறையில் கூடி ஆளுக்கொரு மென்பொருளோடு மல்லுக்கட்டுவார்கள். அவள் மட்டும் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள்.

“பயிற்சி கொடுக்க வந்தவரு குரல் தட்டச்சு சொல்லிக் குடுத்தாரு பாரு, அதுலேர்ந்து இன்னும் மோசம். உக்காந்து அடிக்கிறதே இல்ல. மைக்கைப் போட்டுட்டுப் படிக்க வேண்டியது. கை நோகாம வேலை!”

“ஆனா அவங்க அனுப்பறதுல பிழை இருக்காதே அண்ணா,” என்றாள் இதழுக்குப் படம் வரையும் பெண்.

“இருக்காதா? என் தலையங்கத்தைக் கேட்டா வழக்கம்போல நாளைக்குன்னா. இன்னிக்கு அச்சுக்குப் போகணும், எப்படி இருக்கோ அப்படியே அனுப்புன்னு விடாம போன் பண்ணி வாங்கினேன். முதல் நாலு வரியைத்தான் பார்த்தேன், வயிறு எரியுது. டேய், அதைச் சுவர்ல போடு. எல்லாரும் பார்க்கட்டும்.”

தலையங்கம் என்றால் எடிட்டருக்கு உயிர். போன இதழின் தலையங்கத்தைக் கல்லூரி முதல்வர் மேடையிலேயே பாராட்டினார். தாளில் எழுதி, படம் பிடித்து அவளுக்கு அனுப்பியதுதான். அச்சில் பார்த்தபோது தன் எழுத்து தனக்கே ஒரு படி மேலாகத் தெரிந்தது. அச்சுக்கு அப்படி ஒரு குணம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இந்த முறை தலையங்கத்தின் அடியில் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தான்.

சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. தலைப்பு: பொறுப்பு.

எடிட்டர் எழுந்து நின்று மேடைக் குரலில் படித்தான்.

“பொறுப்பு என்பது பிறர் சொல்லி வருவதல்ல உள்ளிருந்து வருவது வாயைத் திற திறக்க மாட்டியா அடம் பிடிச்சா டாக்டர் ஊசிதான் போடுவாரு இன்றைய இளைஞர்கள்...”

அறையே சிரித்தது. எடிட்டரும் சிரித்தான்.

“என் தலையங்கத்துல யாருக்கோ ஊசி போடறா பாரு!”

“மைக்கை அணைக்க மறந்துட்டாங்க போல. மேல படிங்க அண்ணா!”

“இன்றைய இளைஞர்கள் கடமையிலிருந்து நழுவக் காரணம் தேடுகிறார்கள் ஒரே பக்கமா படுத்தா முதுகு புண்ணாயிடும் திருப்பி விடறேன் என் கழுத்தைப் பிடிச்சுக்கோ முடியலையா சரி நானே தூக்கறேன் அப்பா நீ எவ்வளவு இளைச்சுட்டே பேச வேண்டாம் கண்ணைச் சிமிட்டு போதும் எனக்குப் புரியும்...”

முன்வரிசையில் நின்ற சிரிப்பு கடைசி வரிசையிலும் நின்றது. எடிட்டரின் குரல் மேடையை விட்டு இறங்கிவிட்டது.

“அவங்க அப்பாவுக்கு என்ன அண்ணா?” என்றான் மவுஸ்.

“தெரியாது.” கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அம்மா இல்லைன்னு மட்டும் ஒரு தடவை சொன்னாங்க,” என்றாள் படம் வரையும் பெண்.

மவுஸ் சுவரையே பார்த்தான். “அவங்க ரெண்டு கையும் அப்பாவைப் பார்த்துக்கவே வேணும். அதான் வாயால அடிச்சிருக்காங்க.”

“போதும், மூடிடு,” என்றான் எடிட்டர்.

மவுஸின் கை அசையவில்லை. சுவரில் போடச் சொன்னவன் எடிட்டர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட பிறகு யாரை நோவது? மீதியை எல்லோரும் அவரவர் கண்ணாலேயே படித்துக்கொண்டிருந்தார்கள்.

“கடமை தவறுவோரை விலக்குவதே தலைமைக்கு அழகு இந்த இடம் ரொம்பக் கரடுமுரடா இருக்குப்பா போன தடவை மாதிரி இதையும் நானே முழுசா மாத்தி எழுதிடறேன் நாளைக்கு அனுப்பறேன்னு சொல்லிக்கலாம் எடிட்டர் அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம் முதல்வர் பாராட்டினதுலேர்ந்து அவருக்குக் கால் தரையில பாவல பாவம் சந்தோஷமா இருக்கட்டும் சிரிக்கிறியாப்பா நீ”

அதோடு முடிந்திருந்தது.

யாரும் எடிட்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் பாடுபட்டது அவனுக்குத் தெரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

மவுஸ்தான் தொண்டையைக் கனைத்தான்.

“அண்ணா, அச்சகத்துலேர்ந்து போன் வந்துட்டே இருக்கு. அந்தப் பேரை... எடுத்துடவா?”

“எடுத்துடு.”

மவுஸ் நம்ப முடியாமல் அவனைப் பார்த்தான். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆசிரியர் குழு இருக்கும் பக்கத்தைத் திறந்தான்.

“அந்தப் பக்கம் இல்லடா,” என்றான் எடிட்டர். “தலையங்கத்துக்கு அடியில பெரிசா ஒரு பேரு இருக்கே, அதை.”