அடுப்பில் இரண்டு தலை

"தலை வெந்துடுச்சா அய்ஸுலு?" என்று கூடத்திலிருந்து மாமியார் குல்யாஷ் குரல் கொடுத்தார்.

"இல்ல அத்தை, கழுத்து இன்னும் இளகல!"

சொன்ன பிறகுதான், அவர் கேட்டது பெரிய பானையில் கிடக்கும் ஆட்டுத் தலையை என்று அய்ஸுலுவுக்கு உறைத்தது. நாத்தனாரின் மாமனாரும் மாமியாரும் முதல் தடவையாக அல்மாட்டிக்கு விருந்துக்கு வந்திருக்கிறார்கள். கஸாக் வழக்கப்படி தட்டில் முழுத் தலையை வைத்து, அதன் மூக்கு சம்பந்தியைப் பார்க்கும்படி நீட்டாவிட்டால் வீட்டு மானம் போய்விடும்.

அவள் பதில் சொன்னதோ பக்கத்து அடுப்பிலிருந்த சின்னப் பொம்மைத் தலையை நினைத்து. பெரிய நெல்லிக்காய் அளவு, பொன்னிறக் கூந்தல், நீலக் கண். கழுத்து மட்டும் வெந்நீரில் நனைய, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

பழைய சாமான் சந்தையில் ஒரு கிழிந்த சாக்கிலிருந்து அந்தப் பொம்மையை எடுத்தபோது அது மொட்டையாக இருந்தது. தொடை முழுக்க யாரோ ஒரு குழந்தை பேனாவால் கிறுக்கியிருந்தது. அய்ஸுலு பழைய முகத்தைத் துடைத்து எடுத்தாள். கூந்தலை இழை இழையாக நட்டாள். மைக்கறை மீது முகப்பரு க்ரீமைப் பூசி ஜன்னல் வெயிலில் வைத்துக் கறையை வெளுக்க வைத்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு புதிய முகம் வரைந்தாள்.

இனி கழுத்து இளகியதும் தலையை உடம்பில் அழுத்திப் பொருத்த வேண்டும். படம் எடுத்து, மதியத்துக்குள் இணையத்திலுள்ள பொம்மைக் குழுவின் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

"உன் ஏப்ரன் பையில பொம்மைக் கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு, உள்ள தள்ளு" என்றான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் தௌரென்.

"நீ முதல்ல என் பரு க்ரீமைத் திருடறதை நிறுத்து. புது ட்யூப், நான் இன்னும் திறக்கவே இல்ல, பாதி காலி!"

"நான் தொடவே இல்ல. இந்த வீட்டுல பரு வர்ற வயசுல இருக்கிறது உன் பொம்மைங்க மட்டும்தான்."

அவள் சிரிக்கவில்லை. போன வருடம் ஒரு பொம்மை சோபாவில் அகப்பட்டபோது குல்யாஷ் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருந்தது. "துணியில்லாம ஒருத்தி என் சோபாவுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கா! உருவப் பொம்மை இருக்கிற வீட்டுக்குள்ள எந்த வானதூதர்டி வருவாரு? இன்னொரு தடவை கண்ணுல பட்டுது, மொத்தமும் குப்பைத் தொட்டிதான்!" அன்றிலிருந்து அத்தனை பொம்மைகளும் குளிர்கால பூட்ஸ் பெட்டிகளுக்குள் குடியிருந்தன.

"மாட்டினா எல்லாம் போயிடும். பேசாம நாளைக்குப் பொருத்தேன்" என்றான் தௌரென்.

"நாளைக்குப் போட்டி முடிஞ்சிருக்கும். இந்தத் தடவை அந்தப் பனிச்சிறுத்தை வாயை அடைச்சே ஆகணும்."

பனிச்சிறுத்தை என்பது குழுவின் நடுவர் வைத்துக்கொண்ட புனைபெயர். ஆளை யாரும் பார்த்ததில்லை; படம் போட வேண்டிய இடத்தில் ஒரு மலைதான் இருக்கும். போன வருடம் அய்ஸுலு அனுப்பிய பொம்மையை ஒரே வரியில் தள்ளிவிட்டது: 'இடது புருவம் ஏறியிருக்கிறது, இவள் யாரைச் சந்தேகப்படுகிறாள்?' குழுவே சிரித்தது.

"வழுக்கைத் தலையோட எங்கயோ உக்காந்திருக்கிற ஆம்பளைதான் அது" என்று பல்லைக் கடித்தாள் அய்ஸுலு. "கண்ணாடி முன்னால நின்னு புருவம் வரைஞ்ச எந்தப் பொம்பளையும் அப்படி எழுத மாட்டா."

செருப்புச் சத்தம் நெருங்கியது. அய்ஸுலு சட்டென்று சின்னப் பானையை மூடியால் மூடினாள். மூடிய பிறகுதான் நினைவு வந்தது. ஆவி பட்டால் முகத்தில் பூசிய வார்னிஷ் வெளுத்துவிடும்.

குல்யாஷ் உள்ளே வந்தார். "ஆம்பளைக்கு அடுப்படியில என்ன வேலை?" என்று மகனை முறைத்தார். பெரிய பானையைத் திறந்து ஆட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கரண்டியோடு சின்னப் பானைப் பக்கம் திரும்பினார்.

"இதுல என்ன?"

"பெரியவருக்கு ரத்தக் கொதிப்பாமே அம்மா" என்றான் தௌரென். "அவருக்குன்னு தனியா உப்பில்லாத சூப்."

"அப்போ உப்பு இல்லையான்னு பாக்கணும்."

மூடி திறந்தது. கரண்டி உள்ளே போனது. வெளியே வந்தபோது அதில் நீலக் கண்ணழகி, கூந்தல் நூடுல்ஸ் மாதிரி தொங்கச் சொட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடுகூட அந்த நேரம் பார்த்துக் கொதிக்கவில்லை.

"சம்பந்தியம்மா, தலை வருதா?" என்று கூடத்திலிருந்து கேட்டது.

"இதோ, வந்துடுச்சு வந்துடுச்சு!" என்று தேன் சொட்டப் பதில் கொடுத்துவிட்டு, குல்யாஷ் காலாலேயே கதவைச் சாத்தினார்.

பூட்ஸ் பெட்டிகள் வரிசையாகக் குப்பை வண்டியில் ஏறுவது அய்ஸுலுவின் கண் முன்னால் தெரிந்தது. "அத்தை, என்ன வேணும்னாலும் திட்டுங்க, தூக்கி மட்டும் போட்டுடாதீங்க" என்று கெஞ்சினாள்.

குல்யாஷ் காதில் வாங்கவில்லை. ஏப்ரனின் காய்ந்த ஓரத்தால் அந்தத் தலையை, துடைக்காமல், மெல்ல ஒற்றி எடுத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பொம்மை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

பிறகு பெருமூச்சு விட்டார்.

"இடது புருவம் இன்னும் ஏறித்தான் இருக்கு, இந்த வருஷமும் உனக்குப் பரிசு கிடையாதுடி."