தகரத்தின் மேல் ஒரு பல்

நறுமுகையின் சொத்தைப் பல்லுக்கு டாக்டர் வெள்ளி நிறத்தில் கேப் போட்டபோது, "விழப்போற பால் பல்லுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அலுத்துக்கொண்டார் அவள் அப்பா. சில வருடங்களில் பல் கேப்போடு விழுந்தது. வழக்கப்படி வாசலில் நின்று கூரைமேல் எறிந்தாள். மற்ற பற்கள் சத்தமில்லாமல் போயிருந்தன. இது தகரத்தில் கணகணவென்று உருண்டு ஒரு மடிப்பில் நின்றது. இப்போது அவள் வெளிநாட்டில். மழை வலுத்தால் அது அசையும் சத்தம் வீட்டுக்குள் அம்மாவுக்குக் கேட்கும்.

"ஒழுகுது சிவகாமி, தகரத்த மாத்திடலாம்," என்றார் அப்பா.

"இந்த மழை போகட்டுங்க," என்றாள் அம்மா, போன மழைக்குச் சொன்னதைப்போலவே. ஒழுகும் இடத்தில் வாளியை வைத்தாள். சொட்டும் சத்தம் கேட்காதபடி அதற்குள் ஒரு பழந்துணியைப் போட்டாள்.