வரக்கூடாத ஷாட்

பிணம் கண்ணைத் திறந்து சிரித்தது.

தியேட்டர் அதிர்ந்தது. விசில் பறந்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான்.

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் சிரித்தவர் அவளுடைய கணவர்.

அது நடிப்பு இல்லை. படத்துக்காக எடுத்ததும் இல்லை.

பிணமாக நடித்தவரை சினிமாவில் அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டார்கள். படுத்த இடத்திலேயே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள். திருஷ்டி கழிய. ஆயுசு கெட்டியாக இருக்க. அந்தத் துண்டு படத்தில் வராது.

வரக்கூடாது.

ஆயுசும் கெட்டியாக இல்லை. ஆடி மாதம் இன்னொரு படப்பிடிப்பில், கூட்டத்தில் ஒருவராக வெயிலில் நின்றவர், நின்றபடியே சரிந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் படம் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தாள். அந்தச் சிரிப்பை வெட்டிவிடச் சொன்னாள்.

“எடிட்டர் கண்ணுல பட்டுச்சு, விடுவாராம்மா? அதான படத்துக்கே உயிரு!”

அவள் போனை வைத்துவிட்டாள்.

இன்று மேட்னிக்கு வந்துவிட்டாள்.

படம் நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஆள் கடத்துகிற கும்பல் ஒன்று தவறிப்போய் ஒரு பிணத்தைக் கடத்திவிடுகிறது. கத்தரிக்காய்க்குப் பேசுவது போல அதற்குப் பேரம் பேசுகிறார்கள். அந்த இடத்தில் அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருப்பது யார் என்று தெரிந்தே சிரித்தாள்.

ஆம்புலன்ஸைத் துரத்துகிற காட்சியில் வேறு ஒருவனாக இருந்தால் மேளத்தைப் போட்டு அடித்திருப்பான். இந்த டைரக்டர் சத்தமே இல்லாமல் பயம் காட்டினான். கெட்டிக்காரன். இல்லை என்று சொல்ல முடியாது.

இடைவேளைக்குப் பிறகு இழுத்துவிட்டான். கதாநாயகி வந்தாள், அழுதாள், போனாள். போலீஸ், கதைக்கு வேண்டும்போதெல்லாம் வாசலில் நின்றது.

அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

படம் முழுக்க ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். செத்தவன் யார், அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை.

முடிக்கத் தெரியாமல், அவருடைய சிரிப்பை எடுத்துக் கடைசியில் ஒட்டியிருக்கிறான். நோகாமல் நுங்கு தின்றிருக்கிறான்.

பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். மரணமே நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதாம். உலகத்தரமாம்.

மண்ணாங்கட்டி.

வெளியே வந்தால் வாசலில் மைக்கும் கேமராவும் வழி மறித்தன. யூடியூப் சேனல்காரர்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, படம் எப்டி? ப்ளஸ் என்ன, மைனஸ் என்ன?”

விலகிப் போகத்தான் நினைத்தாள். ஆனால் நின்றுவிட்டாள்.

“ப்ளஸ்ஸு, கடைசில அந்தப் பொணம் சிரிக்குதே, அது.”

“செம! மைனஸ்?”

“அதே சிரிப்புதான்.”

மைக் பிடித்திருந்தவன் விழித்தான்.

“அது எங்க வூட்டுக்காரரு தம்பி. அத்த எடுத்துரச் சொல்லு. அது படத்துக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல. அன்னிக்குக் காலைல நான் உப்புன்னு நெனச்சு ரசத்துல சக்கரையக் கொட்டிட்டேன். கேமராவப் பாத்து சிரின்னதும் அவருக்கு அதான் ஞாபகம் வந்துச்சாம். வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி சிரிச்சாரு.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

“அது என்னப் பாத்து சிரிச்சது. ஊரப் பாத்து இல்ல.”

மைக் பிடித்திருந்தவனின் முகம் மலர்ந்துவிட்டது. கேமராக்காரனைக் கிட்டே வரச் சொன்னான். பொணமா நடிச்சவரோட ஒய்ஃப்பாம்டா, என்று அவன் காதில் கிசுகிசுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“சூப்பர்க்கா. இதையே கேமராவப் பாத்து, கொஞ்சம் சிரிச்ச மொகமா, இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவள் உள்ளங்கையால் கேமராவை மூடினாள்.

கையை எடுக்கவில்லை.