தலைப்புக்குப் பத்து மடங்கு

"நம்ம புகார் தளத்துல படிக்கட்டுக் கைப்பிடின்னு தேடினா, கதவுக் கைப்பிடியா வந்து நிக்குது! படிக்கட்டுக் கைப்பிடி ஆடுதுன்னு பத்து நாள் முன்னாடியே ஒருத்தர் எழுதின புகார் ஒன்பதாம் பக்கத்துல கிடக்கு. ஏன்?" குடியிருப்பு அலுவலக மேலாளர் எகிறினார்.

"தேடுற வார்த்தை தலைப்புல இருந்தா பத்து மடங்கு மதிப்பு, உள்ளே இருந்தா ஒரு மடங்குதான். அவர் விஷயத்தை உள்ளே எழுதிட்டார், சார்." அந்தத் தேடல் நிரலை எழுதியவள் தலை நிமிரவில்லை. "தலைப்போட மதிப்பை இப்ப குறைச்சிட்டேன். முதல்ல அவர் புகார்தான் வருது."

"இப்ப வந்து என்ன? மனுஷன் விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்காரே! அப்படி என்னதான் தலைப்பு வெச்சார்?"

'சும்மா எனக்குப் போன் பண்ணாதீங்க, புகார் தளத்துல எழுதிப் போடுங்க' என்று, கைப்பிடி ஆடுவதைச் சொல்ல அழைத்த அவரிடம் எரிந்து விழுந்தவளும் அவள்தான். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

'மகளுக்கு, நேரம் கிடைக்கும்போது பார்க்கவும்.'